1818 என்று பொறித்த சாமிக்காசு

பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயக்காம்பராவில், சாமிப் படங்களுக்கு முன்னால் ஒரு பித்தளைத் தட்டு இருக்கிறது. விபூதிக்கும் குங்குமத்துக்கும் நடுவே கறுத்துப்போன ஒரு காசு. ஒரு பக்கத்தில் இராமர் பட்டாபிஷேகம்: சிம்மாசனத்தில் இராமரும் சீதையும், குடை பிடித்து நிற்கும் இலட்சுமணன், சாமரம் வீசும் தம்பிகள், காலடியில் அனுமார். மறுபக்கத்தில் ஆங்கில எழுத்துகளில் ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி’, ‘ஒன் அணா’, நடுவில் ‘யு.கே.எல்.’ என்று மூன்றெழுத்து, கீழே ஆண்டு: 1818.

“காப்பிக் காலத்துல எங்க பாட்டனுக்குப் பாட்டன் திருச்சிப் பக்கமிருந்து நடந்தே வந்தாரு தம்பி. மடியில இந்தக் காச முடிஞ்சுக்கிட்டுத்தான் வந்தாரு” என்றார் அந்த வீட்டுப் பாட்டி. பேரனுக்கு வேறு கணக்கு. இதே மாதிரிக் காசுக்குக் கோடிக்கணக்கில் விலை சொல்லும் வீடியோக்களை அவன் போனில் பார்த்திருந்தான். பதுளை டவுனில் ஒருவர் வாங்கிக்கொள்வதாகவும் சொல்லியிருந்தார். ஆனால் முதலில் ‘சோதனைச் செலவு’ என்று ஒரு தொகையைக் கட்ட வேண்டுமாம். பக்கத்தில் வைத்த அரிசியைக் காசு தன்பக்கம் இழுக்கிறதா என்பதுதான் சோதனை.

இந்த ‘அரிசி இழுப்பு’ மோசடி தமிழ்நாட்டில் பலமுறை பொலிஸ் வழக்காகிய பழைய வித்தை. ‘சோதனைச் செலவு’ என்ற பேச்சு வந்ததுமே அந்தக் கதவைச் சாத்திவிடலாம். குடும்பத்தின் நம்பிக்கையை அப்படிச் சாத்திவிட முடியாது. அதனால் விஷயத்தை இரண்டு கேள்விகளாகப் பிரித்துக்கொண்டேன். இந்தக் காசு 1818இல் அடிக்கப்பட்டதா? இந்தக் குடும்பம் எப்போது வந்தது என்பதற்குச் சாட்சி சொல்லக்கூடிய உலோகம் வேறு ஏதும் உண்டா?

இரண்டாவது கேள்விக்காகப் பாட்டி ஒரு பழைய பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினார். அதில் 1950ஆம் ஆண்டு இந்திய ஒரு அணா ஒன்று, 1957ஆம் ஆண்டு இலங்கையின் வெள்ளி ஐந்து ரூபா ஒன்று, 1968ஆம் ஆண்டு இரண்டு ரூபா ஒன்று, அறுந்த காசுமாலை ஒன்றிலிருந்து மிஞ்சிய இரண்டு லட்சுமிக் காசுகள். பூசைத் தட்டில் இருந்த காசுக்குக் கிடைத்த மரியாதை இவற்றில் எதற்கும் கிடைத்திருக்கவில்லை.

அந்த ஆண்டில் ஊவா

முதலில் ஆண்டைப் பிடித்துக்கொண்டேன். பசறை அடங்கிய ஊவாவின் மக்களுக்கு 1818 சும்மா ஓர் எண் இல்லை. 1815இல் கண்டி இராச்சியத்தைக் கைப்பற்றிய பிரித்தானியருக்கு எதிராக 1817இல் ஊவா வெல்லஸ்ஸையில் கிளர்ச்சி வெடித்தது. பதுளையில் இருந்த பிரித்தானிய அதிகாரி வில்சன் அந்த ஆண்டே கொல்லப்பட்டார். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட ஊவாவின் திசாவை கெப்பெட்டிபொல கிளர்ச்சிக்காரரோடு சேர்ந்துகொண்டார். 1818 நவம்பர் 26ஆம் திகதி அவர் தலை வெட்டப்பட்டது. அடுத்த ஆண்டு இந்த மலைகளின் வழியே போன இராணுவ மருத்துவர் ஜோன் டேவி, பாழான ஊர்களையும் விதைக்காத வயல்களையும் 1821இல் வெளியிட்ட தமது நூலில் எழுதிவைத்திருக்கிறார்.

அந்தக் கிளர்ச்சியிலேயே ஒரு போலி உண்டு. பழைய நாயக்கர் அரச வம்சத்தைச் சேர்ந்த துரைசாமி என்று சொல்லி அரியணைக்கு உரிமை கோரிய ஒருவரைச் சுற்றியே கிளர்ச்சிக்காரர் திரண்டனர். அவர் நாயக்கரே அல்லர், வில்பாவே என்ற முன்னாள் பிக்கு என்பது பின்னால் வெளியானது. பழைய வம்சத்தின் பெயரைப் போட்டுக்கொண்டு புதிதாய்ப் புறப்பட்டவர் அவர். நூறு ஆண்டுக்கும் மேல் கழித்து அதே ஆண்டைத் தரித்துக்கொண்ட காசு அதே ஊவாவுக்கு வந்து சேர்ந்தது தற்செயல்தான்.

தோட்டங்களின் கதைக்கு வருவோம். 1818இல் ஊவாவில் காப்பித் தோட்டம் இல்லை. ஜோர்ஜ் பேர்ட் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியிலும், ஆளுநர் பார்ன்ஸ் கன்னொறுவையிலும் காப்பியைத் தோட்டப் பயிராக்கியது 1820களில். ஊவா மலைகளுக்குக் காப்பி ஏறியது அதற்கும் பிறகுதான். 1869இல் காப்பிச் செடியை அழித்த இலைநோய் இலங்கையில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது மடுல்சீமையில் என்பதிலிருந்து, அதற்குள் இந்த மலைகளில் காப்பி எவ்வளவு பரவியிருந்தது என்று தெரிகிறது. ஆக, ‘காப்பிக் காலம்’ என்ற குடும்ப நினைவு உண்மையாகவே இருக்கலாம். காசிலுள்ள ஆண்டு அந்த நினைவுக்கு முந்தியது.

அடுத்தது, அன்றைய இலங்கையில் என்ன காசு புழங்கியது என்பது. கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கும் ‘புளூ புக்’ எனப்படும் ஆண்டு அறிக்கைகளில் நாணயத்துக்கென்று தனிப் பகுதியே உண்டு. அவற்றோடு எச். டபிள்யூ. கொட்ரிங்டன் 1924இல் எழுதிய இலங்கை நாணய நூலையும் வைத்துப் பார்த்தால் படம் தெளிவாகிறது. ஒல்லாந்தரிடமிருந்து 1796இல் கைப்பற்றிய கரையோரத்தில் கம்பெனியின் கை சில ஆண்டுகளே ஓங்கியிருந்தது. 1802இலிருந்து இலங்கை முழுமையாக முடியின் கீழான குடியேற்ற நாடு. 1815இல் அடித்த செப்புத் துட்டுகளில் ஒரு பக்கம் மூன்றாம் ஜோர்ஜின் தலை, மறுபக்கம் யானை. 1821இன் வெள்ளி ரிக்ஸ்டொலரிலும் அதே யானைதான். அணாக் கணக்கு இங்கே இருந்ததே இல்லை. பின்னாளில் ரூபாவும் சதமும் வந்தபோதுகூட நூறு சதம் ஒரு ரூபா என்றுதான் கணக்கு. 1818இல் இலங்கையில் கம்பெனி அணா என்பது நடக்காத காரியம்.

கம்பெனி அடித்த சாமிகள்

இதோடு வழக்கை முடித்துவிட முடியாது. பாட்டனார் காசை இந்தியாவிலிருந்துதானே கொண்டுவந்தார்? அங்கே அது செல்லுபடியாகியிருக்கலாம் அல்லவா? ‘வெள்ளைக்காரன் சாமி படம் போட்டுக் காசு அடிப்பானா’ என்று கேட்டு இதை ஒதுக்குபவர்கள் உண்டு. அந்த வாதம் நிற்காது. வெள்ளைக்காரன் அடித்தான்.

சென்னையில் கம்பெனி வெளியிட்ட வராகன்களில் சாமி உருவங்கள் தாராளமாக இருக்கின்றன. தேவியர் இருவரோடு பெருமாள் நிற்கும் மூன்று சுவாமி வராகன் ஒன்று. ஒரு பக்கம் பெருமாளும் மறுபக்கம் நட்சத்திரமும் உள்ள நட்சத்திர வராகன் இன்னொன்று. 1807ஐ அடுத்த ஆண்டுகளில் சென்னை நாணயச்சாலை ஒரு பக்கம் கோயில் கோபுரமும் மறுபக்கம் திருமாலுமாகப் பொன்னிலும் வெள்ளியிலும் வராகன் வரிசையொன்றை அடித்தது. அவற்றில் தமிழ் எழுத்தும் உண்டு. கம்பெனிக்குப் பக்தி ஏதும் இல்லை. விஜயநகர காலத்திலிருந்து தெற்கத்தி வணிகர் சாமி பொறித்த பொன்னையே நம்பி வாங்கிப் பழகியிருந்தார்கள். அந்த நம்பிக்கையைக் கம்பெனி கடன் வாங்கிக்கொண்டது. பழைய உருவத்தைப் புதிய காசில் ஏற்றுவது இந்த ஊர்களில் அரசுகளே செய்துவந்த வேலைதான்.

1818 என்ற ஆண்டுக்கும் சென்னை நாணய வரலாற்றில் உண்மையான இடம் உண்டு. வராகன், பணம், காசு என்ற பழைய கணக்கைக் கைவிட்டு வெள்ளி ரூபாயை அளவுகோலாக்கியது அந்த ஆண்டில்தான். ஒரு கணம் இந்தக் காசுக்குச் சாதகமாகத் தெரிந்த தகவல் இது. உண்மையில் அதற்கு எதிரான தகவல் இதுதான். தெய்வ உருவம் இருந்தது வராகன் வரிசையில். ரூபாய் வரிசை அடிக்கப்பட்டது பாரசீக எழுத்தோடு. ‘அணா’ என்று போட்டுவிட்டு இராமரையும் பொறிப்பது, ஒன்றோடொன்று சேராத இரண்டு வரிசைகளை ஒரே தகட்டில் ஒட்டவைப்பது.

மீதி ஆதாரங்கள் வரிசையாக வந்தன. இந்தியா முழுவதற்கும் ஒரே மாதிரியான கம்பெனி நாணயம் வந்தது 1835இல். அப்போது செம்பில் வந்தவை அரை அணா, கால் அணா, அதற்கும் கீழ்ப்பட்ட சில்லறை. அவற்றில் இருந்தது கம்பெனியின் சின்னம். அரை அணாவின் சட்டப்படியான எடை 200 கிரெயின், கிட்டத்தட்ட 13 கிராம். கால் அணா அதில் பாதி. பூசைத் தட்டுக் காசு எந்த எடையோடும் ஒத்துப்போகவில்லை. எல்லாவற்றையும்விட வலுவான சாட்சி அந்த ‘ஒன் அணா’ என்ற சொற்களே. ஒரு அணா என்று ஆங்கிலத்தில் பொறித்த நாணயம் இந்தியா முழுவதும் புழக்கத்துக்கு வந்தது ஏழாம் எட்வர்ட் காலத்தில், 1907இல். அது செம்பு அன்று, நிக்கல் கலந்த உலோகம். வட்டமும் அன்று, விளிம்பு அலையலையாக நெளிந்தது. 1818இல் இல்லாத மதிப்பை 1818இன் காசு எப்படித் தாங்கும்?

‘யு.கே.எல்.’ என்ற மூன்றெழுத்து கம்பெனியின் உண்மையான காசு எதிலும் இல்லை. உருப்பெருக்கியின் கீழே எழுத்துகளின் ஓரம் மழுங்கித் தெரிந்தது. அச்சு இறக்கி அடித்த காசில் எழுத்தின் விளிம்பு கூர்மையாக நிற்கும். வார்ப்பில் ஊற்றியதில் இப்படி உருண்டு கிடக்கும். விளிம்பைச் சுற்றி வார்ப்பின் இணைப்புக் கோடும் இருந்தது. பிரேத பரிசோதனை முடிந்தது.

இராமர் வந்த வழி

பொய் என்று நிறுவியதும் பல சேகரிப்பாளர்கள் காசைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். எனக்கு அதன்பிறகுதான் ஆர்வம் கூடியது. ஆண்டு பொய். அந்தப் பட்டாபிஷேகக் காட்சி எங்கிருந்து வந்தது?

1565இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ந்தபின் பெனுகொண்டாவிலிருந்து ஆண்ட அரவீடு மரபின் திருமலை தேவராயர் வெளியிட்ட பொன் வராகனில் இராமரும் சீதையும் அமர்ந்திருக்க, இலட்சுமணன் அருகே நிற்கிறான். பெரிய காட்சியைச் சிறு வட்டத்துக்குள் அடக்கிய அழகான வேலை அது. வடக்கே அக்பரும் தமது ஆட்சியின் கடைசியில், 1604 அளவில், வில்லேந்திய இராமரும் சீதையும் நடந்துபோகும் காசை வெளியிட்டார். நாயக்கர் காலச் செப்புக் காசுகளிலும் அனுமாரைப் பார்க்கலாம்.

இவற்றின் தொடர்ச்சியாக வந்தது இராமடங்கம். இது கடைத்தெருவில் மாற்றும் காசு அன்று. கோயிலில் காணிக்கையாகவும் வீட்டில் பூசைப் பொருளாகவும் வைக்க அடித்த பதக்கம். பெரும்பாலும் பெரிதாக, சில சமயம் கிண்ணம்போலச் சற்றே குழிந்து இருக்கும். ஒரு பக்கம் பட்டாபிஷேகம், மறுபக்கம் வில்லோடு நிற்கும் இராம இலட்சுமணர். பொன்னில் தொடங்கி வெள்ளி, பித்தளை என்று எல்லாருடைய கைக்கும் எட்டும்படி இறங்கியது. இவற்றில் பலவற்றின் மீது நம்பமுடியாத பழைய ஆண்டுகள் பொறித்திருக்கும். அமெரிக்கச் சேகரிப்பாளர் இர்வின் பிரோட்மன் 1970இல் இந்தியக் கோயில் காசுகளுக்கென்றே ஒரு வழிகாட்டி நூல் எழுதினார். மைக்கேல் மிட்சினர் 1998இல் இந்திய டோக்கன்களைப் பற்றி எழுதிய பெருநூலில் இவற்றை மக்கள் கலையாகவே நடத்துகிறார். சரியான பார்வை அது. நாணயமாகப் பார்த்தால் இவை போலி. பதக்கமாகப் பார்த்தால் இவற்றுக்கு நெடிய மரபு உண்டு.

பூசைத் தட்டுக் காசு அந்த மரபின் கடைக்குட்டி. இராமடங்கத்தின் ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு, மறுபக்கத்தில் கம்பெனியின் பெயரை ஒட்டி, 20ஆம் நூற்றாண்டில் இந்தியப் பட்டறைகளில் ஆயிரக்கணக்கில் வார்த்த சரக்கு. அனுமார், தாமரை, இலட்சுமி, சிவன் என்று இதற்குப் பல உடன்பிறப்புகள். 1616, 1717, 1818 என்று எண்ணுக்கு எதுகை மோனை பார்த்துப் போட்ட ஆண்டுகளே அவற்றைக் காட்டிக்கொடுக்கும். 1616இல் கம்பெனி மொகலாயரிடம் வணிக அனுமதிக்குக் கைகட்டி நின்றுகொண்டிருந்தது.

அந்தச் சாமிக்காசு ஏன் ஊவாவுக்கு வந்து இவ்வளவு உறுதியாக உட்கார்ந்தது? இங்கே இராமாயணத்துக்கு ஏற்கெனவே இடம் இருந்தது. எல்லவில் இராவணன் பெயரில் அருவி கொட்டுகிறது. வெலிமடைப் பக்கத்துத் திவுரும்பொலவில் சீதை தீயில் இறங்கிச் சத்தியம் செய்ததாக ஐதீகம். தோட்டங்களில் மார்கழி மாதத்து விடியலில் இராமர் படத்தைச் சுமந்து பஜனை போவார்கள். இந்தியாவுக்குப் போய்த் திரும்பியவர்கள் பலர் இராமேஸ்வரம் வழியாக வந்தார்கள். அப்படி ஒருவர் ஆசையாய் வாங்கிவந்த சாமிக்காசுக்கு அதிலிருந்த ஆண்டே ஒரு பாட்டனாரையும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறது. பாட்டியிடம் இதைச் சொன்னபோது அவர் கலங்கவில்லை. “சாமி பொய் சொல்லாது தம்பி. தேதி போட்டவன்ல பொய் சொல்லியிருக்கான்” என்றார். நான் சேகரித்த குறிப்புகளையெல்லாம்விட இது சுருக்கம், சரியும்கூட.

ஆண்டை மறைக்காத காசுகள்

இப்போது பிஸ்கட் டின். 1950ஆம் ஆண்டின் ஒரு அணாவை எடுத்துப் பூசைத் தட்டுக் காசின் பக்கத்தில் வைத்தேன். உண்மையான அணா எப்படி இருக்கும் என்பதற்கு வீட்டுக்குள்ளேயே சாட்சி இருந்தது: நெளிநெளியான விளிம்பு, நிக்கல் கலப்பு. இந்தியா குடியரசானதும் மன்னர் ஆறாம் ஜோர்ஜின் தலையை எடுத்துவிட்டு அசோகரின் சாரநாத் சிங்கத் தூண்தலையை வைத்தார்கள். மறுபக்கத்தில் திமிலோடு ஒரு காளை. அதே வரிசையின் பைசாவில் ஓடும் குதிரை. சாரநாத் தூண்தலையில் சிங்கங்களுக்குக் கீழே உள்ள வட்டப் பட்டையில் யானை, குதிரை, காளை, சிங்கம் என்று நான்கு விலங்குகள் நடக்கின்றன. கி.மு. 3ஆம் நூற்றாண்டுக் கல்லிலிருந்து இரண்டு விலங்குகள் இறங்கி, இந்தியக் குடியரசின் சில்லறைக்கு வந்திருக்கின்றன.

அடுத்து 1957இன் ஐந்து ரூபா. புத்த ஜயந்தியின் 2500ஆம் ஆண்டுக்காக வெளியிட்ட பெரிய வெள்ளிக் காசு. 925 தர வெள்ளி, 28 கிராமுக்குச் சற்று மேல். ஐந்து ரூபா என்பது அன்றைய தோட்டத் தொழிலாளியின் ஒரு நாள் சம்பளத்தைவிட அதிகம். செலவழிக்க மனம் வராமல் யாரோ டின்னில் போட்டிருக்கிறார்கள். அதன் உருவமைப்பு சந்திரவட்டக்கல்லிலிருந்து வந்தது. அநுராதபுரத்து விகாரைப் படிகளின் அடியில் கிடக்கும் அந்த அரைவட்டக் கற்களில் தீச்சுடர் வரிசைக்கு உள்ளே யானை, குதிரை, சிங்கம், காளை அணிவகுக்கும். அதற்கும் உள்ளே கொடி, அன்னங்கள், நடுவில் தாமரை. பொலனறுவைக் காலத்துக்கு வரும்போது காளையை எடுத்துவிட்டார்கள். சோழர் ஆட்சிக்குப் பிறகு இந்துக்களுக்குப் புனிதமான விலங்கை மிதிபடும் கல்லில் வைக்கத் தயங்கினார்கள் என்பது ஆய்வாளர் பலர் சொல்லும் விளக்கம்.

இந்த இரண்டு காசுகளையும் அருகருகே வைத்ததும் வழக்கு வேறு பக்கம் திரும்பியது. சாரநாத்திலும் அநுராதபுரத்திலும் நடப்பவை அதே நான்கு விலங்குகள். ஏழு ஆண்டு இடைவெளியில் இரு அரசுகள் தங்கள் பழமைக்கு ஆதாரமாக ஒரே விலங்கு வரிசையைத் தேடிப் போயிருக்கின்றன. அதே இரு அரசுகள்தான் 1964 ஒக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் உட்கார்ந்து, இந்த டின்னை வைத்திருந்த குடும்பம் போன்ற 9,75,000 பேரைப் பங்கு போட்டன: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. விலங்குகளைப் பங்குபோட யாருக்கும் தோன்றவில்லை. அவை இரண்டு பக்கமும் நடந்தன.

1968இன் இரண்டு ரூபா ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய அமைப்புக்காக வெளியிட்டது. அதில் நிற்பது பொலனறுவைப் பொத்குல் விகாரைக்கு அருகே பாறையில் செதுக்கிய, ஏறக்குறைய 11 அடி உயரமான சிலை. குளங்கள் வெட்டிய முதலாம் பராக்கிரமபாகு என்று காசு அதை அறிமுகம் செய்கிறது. உணவு உற்பத்திக்கு இதைவிடப் பொருத்தமான மன்னர் இல்லை. ஆனால் அந்தச் சிலை யார் என்பது தீராத வழக்கு. கையில் இருப்பது அரச பாரத்தைக் குறிக்கும் நுகம் என்பார் ஒரு சாரார். அது ஏடு, நிற்பவர் மன்னர் அல்லர், முனிவர் என்பார் மறுசாரார். முனிவர் பட்டியலில் புலத்தியர், கபிலர் ஆகியோரோடு நம் அகத்தியர் பெயரும் உண்டு. ஒரு தரப்பின் வாதத்தைத் தீர்ப்பாக்கிக் கோடிக் கைகளுக்கு அனுப்பும் சக்தி காசுக்கு இருக்கிறது.

லட்சுமிக் காசுகளுக்கு ஆண்டே இல்லை. நகைக்கடையில் அச்சில் அழுத்திய மெல்லிய தகடு. ஆனால் டின்னில் இருந்தவற்றுள் இலங்கை மண்ணோடு மிகப் பழைய உறவு கொண்டாடக்கூடிய உருவம் இதுதான். தாமரையில் நிற்கும் திருமகள்மீது இரண்டு யானைகள் நீர் சொரியும் உருவத்தைத் தாங்கிய நீள்சதுரச் செப்புத் தகடுகள் இலங்கையின் பழங்காசுகளில் ஒரு தனி வகை. கந்தரோடையிலும் திஸ்ஸமகாராமையிலும் அவை கிடைத்திருக்கின்றன. ஈராயிரம் ஆண்டுப் பழமையுள்ள அந்த உருவம் எந்த ஆண்டையும் சொல்லிக்கொள்ளாமல் கழுத்துக் காசுமாலையில் தொங்கியிருக்கிறது.

நவீன காசுகளையும் பதக்கங்களையும் சேகரிப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதிலிருந்து வருகிறது. காசின் வயது வேறு, உருவத்தின் வயது வேறு. 1957 என்று தன் ஆண்டைத் தைரியமாகப் போட்டுக்கொண்டு அநுராதபுரத்தைக் காட்டும் காசு நேர்மையான வாரிசு. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக 2010 என்று பொறித்து இந்தியா வெளியிட்ட 1,000 ரூபாய்க் காசும் அப்படியே. கோயில் பழையது, காசு புதியது. இரண்டையும் அது மறைக்கவில்லை. பழைய ஆண்டைத் திருடிப் போட்டுக்கொள்ளும் காசு எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்கள் சேகரிப்பில் அதற்குத் தனி அட்டை வேண்டும். பொறித்துள்ள ஆண்டு 1818, செய்த காலம் 20ஆம் நூற்றாண்டு என்று இரண்டு வரி போதும். எடையை எழுதுங்கள், விளிம்பைப் படம் எடுங்கள், புளி போட்டுத் துலக்காதீர்கள். வீட்டார் சொல்லும் கதையையும் அவர்கள் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். கதை தவறாக இருந்தாலும் அது நம்பப்பட்டது என்பது ஒரு தகவல்.

எண் போட்ட தகரம்

மீதி இருப்பது இரண்டாவது கேள்வி. தமிழகத்திலிருந்து தோட்டத்துக்கு ஆள் வந்ததற்கு உலோகச் சாட்சி ஏதும் உண்டா? உண்டு. அதில் சாமியும் இல்லை, மன்னரும் இல்லை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கை அரசு ‘டின் டிக்கெட்’ முறையைக் கொண்டுவந்தது. கங்காணி ஊரில் ஆள் சேர்க்கும்போது ஒவ்வொருவருக்கும் துளையிட்ட ஒரு தகர வில்லை. கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். அதில் மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எண். வில்லையைப் பார்த்து அதிகாரிகள் ஆளை வழியனுப்புவார்கள். பயணச் செலவு பிறகு அந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏறும். தோட்டமோ அதை ஆளின் கடனாக எழுதும். 1904இல் திருச்சியில் இலங்கைத் தொழிலாளர் ஆணையகம் திறந்தது. 1914இல் தனுஷ்கோடி-தலைமன்னார் கப்பல் ஓடத் தொடங்கியது. மண்டபம் முகாமின் தொற்றுநோய்த் தடுப்புக் கொட்டகைகள் வழியாக இந்த வில்லைகள் மலைநாட்டுக்கு ஏறின. 1924இல் பதுளைவரை ரயில் வந்தபின் ஊவாவுக்கான வில்லைகள் ரயிலிலேயே வந்திருக்கும்.

இந்த வில்லைக்கும் சுவடிகளுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்பதுதான் இதன் மதிப்பு. மாவட்ட எழுத்தையும் தோட்ட எண்ணையும் வைத்துக்கொண்டு பெர்குசனின் பழைய இலங்கை வழிகாட்டிகளில் தோட்டத்தைத் தேடலாம். அப்போதைய துரை யார், எத்தனை ஏக்கர், என்ன பயிர் என்பதெல்லாம் அதில் வரும். தோட்டத்துச் செக்ரோல் பதிவு எங்காவது மிஞ்சியிருந்தால் பெயரே கிடைக்கலாம். 1948இன் குடியுரிமைச் சட்டமும் 1949இன் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டமும் வந்தபோது இந்த மக்களிடம் கேட்டது இதைத்தான்: எப்போது வந்தாய், எங்கே இருந்தாய், காகிதம் எங்கே? பிறப்புப் பதிவில்லாத தலைமுறைக்கு லயத்தில் காகிதம் தங்கியதில்லை. எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003இல் ஒரு சட்டம் வரவேண்டியிருந்தது. ‘1818’ என்று பொறித்த ஒரு காசை ஒரு குடும்பம் இறுக்கிப் பிடித்துக்கொண்டதை நான் பேராசையாகப் பார்க்காததற்குக் காரணம் இதுதான். அரை நூற்றாண்டாக ஆதாரம் கேட்கப்பட்டவர்கள், கையில் கிடைத்த ஆண்டைப் பிடித்துக்கொள்வார்கள்.

அந்த வீட்டு டின்னில் தகர வில்லை இல்லை. ஆனால் வேறு வீடுகளில் இருக்கக்கூடும். பெட்டியின் அடியில், பழைய தாலிக்கயிறுகளுக்கும் சாவிகளுக்கும் நடுவில், துளையோடும் துருவோடும் ஓர் எழுத்தும் சில எண்களும் பொறித்த வில்லை அகப்பட்டால் பழைய இரும்புக்காரனிடம் போடாதீர்கள். துருவைச் சுரண்டாமல் காகிதத்தில் பொதிந்து வைத்துவிட்டு, எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். சாமிக்காசுக்கு இலட்சம் சொல்லிப் போன் பண்ணுகிறவர்கள் யாரும் அந்தத் தகரத்தைக் கேட்கமாட்டார்கள். அதை விற்றுப் பணம் பண்ண முடியாது, ஒரு குடும்பம் எந்தத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது என்று தேடத் தொடங்கலாம்.